மூடி தாண்டிய தண்ணீர்

சோபாக்காரர் வீட்டுக்குள் சாக்கடை வருகிறது என்பதை அந்தத் தெருவில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். தபால்காரர் ஒரு செருப்பையே அதில் விட்டிருக்கிறார். வடிகால் துறைக்கு மட்டும்தான் அது தெரியாது. அதற்காக அவர்கள் கவனிக்காமல் இருந்தார்கள் என்று சொன்னால் பாவம். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண் கொட்டாமல் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். என்ன, தெருவைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்கள்.

தெருவின் பள்ளமான கோடியில் அவர் வீடு. முன்பக்கம் கடை. பழைய சோபாக்களைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, புது உறை போட்டுக் கொடுப்பது தொழில். சொன்ன தேதிக்குச் சாமானைக் கொடுத்துவிடுவார் என்று ஊரில் பெயர் எடுத்தவர். பின்பக்கம் ஓர் அறையும் சமையலறையும். மாடி வேறொருவருடையது. வாசலுக்கு நேரே பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி. பெருமழை பெய்தால் அந்த மூடி முதலில் லேசாக ஆடும், பிறகு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அதன்பின் ஊரார் கழித்ததெல்லாம் படியேறி, கடையைத் தாண்டி, உரிமையோடு பின்னறைக்குப் போய்விடும். மூன்று மழைக்காலமாக இதே கதை.

மூன்று மழைக்காலமும் அவர் துறைக்குப் போன் செய்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் குரல் இனிமையாக, “பரிசீலனையில இருக்குங்க” என்றது. அவரும் நன்றி சொல்லிவிட்டுத் தண்ணீரை இறைக்கப் போய்விடுவார். வெட்கம் கெட்ட பொறுமைசாலி.

இந்த வருடம் அப்படி இருக்க முடியவில்லை. மகளுக்கு நிறைமாதம். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறார், கரை திரும்ப இன்னும் நாளாகும். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு நேராக இந்தப் பின்னறைக்குத்தான் வரவேண்டும். “பிறந்த குழந்தை இருக்கிற ரூம்ல ஈரமே ஆகாது” என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரைவிடக் கண்டிப்பாகச் சொன்னவர் சோபாக்காரரின் மனைவி.

“இத பாருங்க. அந்த ரூம்ல ஒரு சொட்டு வந்துச்சு, நான் புள்ளையத் தூக்கிட்டு அந்த ஆபீஸ்லயே போய் உக்காந்துடுவேன். நீங்க இங்க சோபா தச்சுக்கிட்டு இருங்க.”

அவர் சொன்னால் செய்வார் என்று சோபாக்காரருக்குத் தெரியும். எனவே கடையைப் பூட்டிவிட்டு நேரிலேயே கிளம்பினார்.

துறையில் மாடல் என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஊரின் சாக்கடைக் குழாய்கள் மொத்தத்தையும் கம்ப்யூட்டருக்குள் இறக்கி, அதில் மழையைப் பெய்யவிட்டு, எந்தத் தெருவில் தண்ணீர் பொங்கும் என்று முன்கூட்டியே சொல்கிற ஏற்பாடு. அது இருக்கும் அறைக்குள் போக வேண்டுமானால் காலுக்கு நீல பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ள வேண்டும். சாக்கடைக்குள் நின்றபோது இப்படி ஓர் உறை தனக்கு யாரும் தரவில்லையே என்று நினைத்துக்கொண்டே அவர் மாட்டிக்கொண்டார். உள்ளே ஒரே குளிர். எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்க ஊர். தண்ணீர் நிற்கிற இடம் நீலம், காய்ந்த இடம் வெள்ளை. அடைப்பு எடுக்கிற லாரி நீலத்துக்கு மட்டும்தான் போகும். ஊர் மொத்தமும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

மாடலைக் கவனித்துக்கொள்ளும் இளம் பொறியாளரம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார்.

“எங்க தெரு எதும்மா?”

“இதோ இருக்கு. பாருங்க, எவ்வளவு காஞ்சிருக்கு.”

“போன மழைக்கு முழங்கால் வரைக்கும் வந்துச்சும்மா.”

“உங்க முழங்கால் கடல்மட்டத்துலேருந்து எவ்வளவு உயரம்?”

சோபாக்காரர் தன் முழங்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அப்படி யோசித்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

“அதான் பிரச்சினை” என்றார் பொறியாளரம்மா. “இப்ப நான் சொல்றத கேளுங்க. குழாய் நெறஞ்சா தண்ணி மூடி வழியா மேல வரும். அத மாடலும் ஒத்துக்குது. ஆனா மூடியத் தாண்டிட்டா அது கணக்க விட்டுப் போயிடும்.”

“எங்கம்மா போகும்?”

“வெளிய.”

“வெளியன்னா?”

“கணக்குக்கு வெளிய.”

“எங்க வீடும் அங்கதாம்மா இருக்கு” என்றார் சோபாக்காரர்.

பொறியாளரம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இத மாத்த முடியாதுன்னு இல்ல. மேல வந்த தண்ணி அங்கேயே தேங்கும்னு ஒரு டிக் அடிச்சா போதும். போன வருஷம் அடிச்சுப் பாத்தேன். பாதி ஊர் நீலமாயிடுச்சு. பெரிய ஐயா கூப்பிட்டு, ‘என்னம்மா, ஊர்ல இல்லாத வெள்ளத்த உண்டு பண்ணிட்டியே’ன்னு ஒரு பிடி பிடிச்சுட்டாரு. டிக்க எடுத்தேன். வெள்ளம் உடனே வடிஞ்சிடுச்சு.”

பெரிய ஐயா என்பது துறையின் தலைமைப் பொறியாளர். மாடலைக் கொண்டுவந்தவர் அவர்தான். அதற்குமுன் துறையில் தலைமைப் பொறியாளர்கள் இருந்தார்கள், மழை பெய்தது, திட்டு வாங்கினார்கள். இவர் வந்தபின் மழை மட்டும் பெய்தது.

இருந்தாலும் புகார் என்று ஒன்று நேரில் வந்துவிட்டபடியால் ஆய்வுக்கு ஆள் வந்தது. மழையன்றே வந்தார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஓவர்சியரும் உதவியாளரும் கடைக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். ஓவர்சியர் கையில் மழைக்கு உறை போட்ட டேப்லெட். அதைப் பார்த்து, “தரை, உலர்” என்று உரக்கச் சொன்னார். உதவியாளர் பதிவு செய்தார். “சுவர், உலர்.” அதுவும் பதிவாயிற்று. பழுதுக்கு வந்திருந்த ஒற்றை சோபா ஒன்று மிதந்து வந்து ஓவர்சியரின் தொடையில் முட்டியது. அவர் அதை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, “அறைகலன், உலர்” என்றார்.

சோபாக்காரருக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. குனிந்து கையை விட்டுப் பார்த்தார். கை நாறியது.

“சார், அப்ப இது என்ன சார்?”

“இது களப்பிழை” என்றார் ஓவர்சியர். “மாடல் ஒண்ணு சொல்லுது, களம் ஒண்ணு சொல்லுது. ரெண்டுல ஒண்ண திருத்தித்தான் ஆகணும். மாடல் வாங்குறதுக்கு எவ்வளவு செலவாச்சுன்னு தெரியுமா? அதுல கை வைக்க முடியாது. நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்.”

போகும்போது கால் கழுவத் தண்ணீர் கேட்டார். கால் உலர்வாக இருக்கிறதே என்று சோபாக்காரர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, வாளியை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவரே இரண்டு வரிசை செங்கல் வைத்து வாசற்படியை உயர்த்திக் கட்டினார். சிமெண்ட் காய்வதற்குள் ஓவர்சியர் கடப்பாரையோடு வந்துவிட்டார். “உங்க வாசல் மட்டம் மாடல்ல ஏறியிருக்குங்க. ஆளாளுக்கு இஷ்டப்படி ஒசத்திக்கிட்டா ஊரோட தரையே தப்பாயிடும்” என்று விளக்கிச் சொல்லிவிட்டு, அலுங்காமல் இடித்துக் கொடுத்தார். இடித்த கல்லை ஓரமாக அடுக்கியும் வைத்தார். பொறுப்பான மனிதர்.

“கல்ல இடிக்க வந்த ஆளுக்கு கதவத் திறந்து விட்டீங்களா?” என்று கேட்டார் மனைவி.

“கதவு திறந்துதான் இருந்துச்சு” என்றார் சோபாக்காரர். அன்று அவர் தட்டில் குழம்பு விழவில்லை.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய வாரத்தில், மாடலின் மூன்றாம் ஆண்டு விழா வந்தது. மாடலால் பயனடைந்த பொதுமக்களில் ஒருவர் துறைக்கு மேடையில் தேவைப்பட்டார். புகார் கொடுத்தவர்களில் குரல் உயர்த்தாதவர் இவர் ஒருவர்தான் என்று இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், காலுக்கு நீல உறை மாட்டிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் ஸ்பிரிங் போய்விட்டது என்பது உட்கார்ந்ததுமே அவருக்குத் தெரிந்தது.

பெரிய ஐயா பேசினார். அவருக்குக் காகிதம் பார்த்துப் பேசும் வழக்கமில்லை, மனத்தில் இருப்பதை அப்படியே பேசுவார்.

“நண்பர்களே! ஒரு காலத்தில் மழை பெய்தால் இந்தத் துறை என்ன செய்தது? ஓடியது. லாரியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடியது. நனைந்தது. இன்று நம்மில் ஒருவராவது நனைகிறோமா? லாரியின் டயர் தேய்கிறதா? வெள்ளம் வராது என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின் எதற்காகப் போக வேண்டும்? சில இடங்களில் தண்ணீர் நிற்பதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை. அது நம் அனுமதி இல்லாமல் நிற்கிற தண்ணீர். அதற்கு நாம் எப்படிப் பொறுப்பாக முடியும்? மனிதன் பொய் சொல்வான், தண்ணீர்கூடப் பொய் சொல்லும், மாடல் பொய் சொல்லாது!”

நெடுநேரம் கைதட்டினார்கள். அதே உற்சாகத்தில் அவர் சோபாக்காரர் பக்கம் திரும்பி, “உங்களுக்கு ஏதாவது குறை இருந்தா தாராளமா சொல்லுங்க” என்றார். இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது விழாவின் ஏற்பாடு.

சோபாக்காரரும் அப்படிச் சொல்லத்தான் வாய் திறந்தார். மனைவியின் முகம் கண்முன் வந்தது. எழுந்து நின்று, “ஐயா, எங்க வீட்டையும் வாசல்ல இருக்கிற மூடியையும் அந்தக் கம்ப்யூட்டர்லேருந்து எடுத்துடுங்கய்யா. மாடல்ல இல்லன்னா நான் பாட்டுக்கு ரெண்டு கல்ல வெச்சுப் பொழச்சுக்குவேன்” என்றார்.

இவ்வளவு சுலபமான கோரிக்கை துறையின் வரலாற்றில் வந்ததில்லை. பெரிய ஐயா மகிழ்ந்து, மேடையிலேயே தன் கையால் திரையில் அந்த மூடியை அழுத்தி அழித்தார். வீடும் போயிற்று. மறுபடி கைதட்டல். “இப்ப மழைய விடும்மா, எல்லாரும் பாக்கட்டும்” என்றார். பொறியாளரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, மழையை விட்டார்.

மாடலுக்குள் பொங்குகிற தண்ணீரெல்லாம் இத்தனை நாளாக அந்த ஒரு மூடி வழியாகத்தான் கணக்கை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. இப்போது வழியில்லை. திரையில் குழாய் குழாயாகத் தேடி அலைந்தது. கடைசியில் ஊருக்கு மேற்கே மேட்டில் இருக்கும் அதிகாரிகள் குடியிருப்பில் போய்ப் பொங்கியது. அந்த மேட்டின் உயரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர், முன்னால் ஒரு கழித்தல் குறியைப் போட்டுவிட்டிருந்தார். மாடலைப் பொறுத்தவரை ஊரிலேயே ஆழமான குழி அதுதான். இதுவரை அங்கே தண்ணீர் போக வேண்டிய தேவை வராததால் யாரும் கவனிக்கவில்லை. சபை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய ஐயாவின் வீடு கரும் நீலத்தில் முழுகியது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மாடல் தவறு என்று சொல்லக்கூடிய ஆள் அந்த அறையில் ஒருவரும் இல்லை. சொல்லக்கூடிய பதவியில் இருந்த ஒரே ஒருவர், மாடல் பொய் சொல்லாது என்று சற்றுமுன்தான் சொல்லியிருந்தார்.

“ஐயா, நம்ம வீடு மேட்டுல இல்ல இருக்கு? அங்க தண்ணி ஏறணும்னா லிஃப்ட் வெச்சாத்தான்” என்றார் அவருடைய டிரைவர்.

“நீ வண்டிய ஓட்டு. தண்ணிய மாடல் ஓட்டும்” என்றார் பெரிய ஐயா.

அதன்பின் நடந்த வேகத்தை ஊர் அதுவரை பார்த்ததில்லை. மூன்று வருடமாக நின்றிருந்த லாரிகள் எல்லாம் மேட்டுக்கு ஏறின. வறண்ட சாலையில் மணல் மூட்டை அடுக்கினார்கள். பெரிய ஐயா வீட்டு வாசலில் ஒரு படகைக் கொண்டுவந்து கட்டினார்கள், காற்றில் போய்விடக் கூடாதென்று. சாமான்களைப் பத்திரமான இடத்துக்கு மாற்றும் வேலை தொடங்கியது. அதில்தான் சோபா வந்தது. பெரிய ஐயாவின் மனைவிக்கு அவருடைய அப்பா கொடுத்த தேக்குக்கட்டை சோபா. “இதுல ஒரு சொட்டு பட்டுதுன்னா நான் எங்க வீட்டுக்குப் போயிடுவேன்” என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். ஊரிலேயே உலர்ந்த இடம் எது என்று மாடலிடம் கேட்டார்கள். குழாயும் இல்லாத, மூடியும் இல்லாத, தண்ணீர் வரவே வழியில்லாத இடம் ஒன்றே ஒன்றை அது காட்டியது.

மறுநாள் சோபாக்காரர் கடை வாசலில் லாரி வந்து நின்றது. ஓவர்சியர் முன்னால் நின்று சோபாவை இறக்கினார்.

“சார், இங்கதான் சார் தண்ணி வரும்” என்றார் சோபாக்காரர் பதறிப்போய்.

“வராதுங்க. உங்களத்தான் எடுத்தாச்சே. அப்படியே உறையும் மாத்தி வெச்சிடச் சொன்னாங்க அம்மா” என்று சொல்லிவிட்டு ஓவர்சியர் போய்விட்டார்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று மதியம் வானம் இருண்டு, பிடித்துக்கொண்டு பெய்தது. மகள் ஆஸ்பத்திரியில் குழந்தையோடு வண்டிக்குக் காத்திருந்தாள். அறையைத் தயார் செய்ய முன்னால் வந்துவிட்டிருந்த மனைவி பின்னறையில் நின்றார். வாசலில் மூடி ஆடத் தொடங்கியது. சோபாக்காரர் இடித்த கல்லையெல்லாம் பொறுக்கி வாசலில் வைத்தார். இடுக்கு வழியாகக் கறுப்பாகக் கசிந்தது. போனை எடுத்தார்.

“எங்க வீட்டுக்குள்ள சாக்கடை வருதும்மா. பச்சக் குழந்தை வரப்போகுதும்மா.”

அதே இனிமையான குரல், கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, “அப்படி ஒரு வீடே இல்லீங்களே” என்றது.

சோபாக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையில் யாரையும் ஏமாற்றாத மனிதர், தன் பேத்தி படுக்க ஒரு காய்ந்த இடம் கேட்கிறார். அதற்கு அவர் இருப்பதாகவே ஒப்புக்கொள்ள ஆளில்லை. மனைவி அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

“ஹலோ. எங்கள விடுங்க. பெரிய ஐயா வீட்டு சோபா நனையப் போகுது.”

மறுமுனையில் நாற்காலி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

மேட்டில் நின்ற லாரிகள் எல்லாம் சைரன் போட்டுக்கொண்டு இறங்கின. ஓவர்சியர் படியில் நிற்காமலேயே உள்ளே ஓடி சோபாவைத் தொட்டுப் பார்த்தார். அது நிஜமாகவே உலர்ந்திருந்ததைக் கண்டு அவருக்கே ஆச்சரியம். மூன்று மழைக்காலத்தில் முதல் தடவையாக மூடியைத் திறந்தார்கள். குழாயின் வாயில் ஒரு பெட்டி. தண்ணீர் மட்டத்தை அளந்து மாடலுக்குச் சொல்ல, மாடல் வந்த புதிதில் துறையே பொருத்திய பெட்டி. கந்தல், முடி, பிளாஸ்டிக் பை, சோபாக்காரர் கடை ரெக்ஸின் துண்டு என்று ஊரின் குப்பை மொத்தமும் அதில் சிக்கிச் சுற்றி, குழாயை அடைத்துக்கொண்டு நின்றது. அந்தக் கந்தல் மூட்டைக்குள் இருந்துகொண்டு பெட்டி இத்தனை நாளும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

அதை வெளியே இழுத்ததும் குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. தண்ணீர் சுழித்து இறங்கியது. கடைக்குள் வாசலோரம் இரண்டு சாண் தூரம் நனைந்ததோடு நின்றுவிட்டது. பின்னறை காய்ந்தே இருந்தது.

ஓவர்சியர் பெட்டியைக் கழுவித் துடைத்து, பொறுப்பாகப் பழைய இடத்திலேயே பொருத்தினார்.

“சார், அதாலதானே அடைச்சுது?”

“ஆமாங்க. ஆனா இது இல்லன்னா மாடலுக்கு அளவு எப்படிப் போகும்?”

“அப்ப மறுபடி அடைக்குமே சார்.”

“அடைக்கட்டுமே. வாராவாரம் லாரிய அனுப்பி எடுக்கச் சொல்லி பெரிய ஐயா உத்தரவு போட்டுட்டாரு. மழை வந்தா பம்போட ஒரு ஆளு இங்கேயே நிப்பான். நீங்க கவலைய விடுங்க. சோபா இங்க இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டு உள்ள வராது.”

சோபாக்காரர் அதைக் கேட்டுக்கொண்டார்.

மழை ஓய்ந்து மகள் வந்து சேர்ந்தாள். குழந்தையைக் காய்ந்த அறையில், காய்ந்த துணியில் கிடத்தினார்கள். அது கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கிப்போயிற்று. சோபாக்காரர் அதன் காலடியில் தரையைத் தடவித் தடவிப் பார்த்தார். மனைவி அவருக்குச் சூடாக ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தார். இரவு மகளுக்கு முதுகு வலித்தபோது, பெரிய ஐயா வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நல்ல சோபா, உறையைத் தவிர எந்தக் குறையும் இல்லை. ஒரு நாள் வேலைதான்.

நாலைந்து மாதத்தில் கழித்தல் குறியைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். மேட்டில் வெள்ளம் வடிந்தது. படகை அவிழ்த்தார்கள். பெரிய ஐயாவின் மனைவி சோபாவைக் கேட்டு அனுப்பினார். ஓவர்சியர் வந்தபோது வாசலில் லாரி அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே சோபா கால் வேறு கை வேறாகப் பிரிந்து, ஸ்பிரிங்கெல்லாம் தரையில் கிடக்க, அதன் நடுவில் குழந்தை குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தது.

“என்னங்க, இன்னும் முடியலியா? சொன்ன தேதிக்குக் கொடுக்கிற ஆளாச்சே நீங்க? எப்பதான் கிடைக்கும்?”

சோபாக்காரர் வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டு, மிகவும் இனிமையாகச் சொன்னார்.

“பரிசீலனையில இருக்குங்க.”